அனுப்பாமல் விட்ட பிட்டுகள்: ஒரே குறியீட்டிலிருந்து பல வீதங்கள்

டிஷ் ஆண்டெனாவை மாடியில் திருப்பி வைத்துவிட்டு, கீழே வந்து செட்-டாப் பாக்ஸில் எண்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டுச் சானல் தேடியவர்களுக்கு ஒரு வரிசை நினைவிருக்கும். முதலில் அலைவரிசை எண். அடுத்து, அலை செங்குத்தா கிடைமட்டமா என்ற தேர்வு. பிறகு 27500 என்பது போன்ற ஓர் எண். கடைசியாக ஒரு பின்னம்: 3/4. சில சானல்களுக்கு அது 2/3 ஆகவோ 5/6 ஆகவோ இருக்கும். தவறான பின்னத்தைப் போட்டால் எல்லாம் சரியாக இருந்தும் படம் வராது. நம்மில் பலர் அது என்னவென்று கேட்காமலேயே அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறோம்.

அந்தப் பின்னத்துக்குக் குறிவீதம் என்று பெயர். 3/4 என்றால், வானிலிருந்து இறங்கும் ஒவ்வொரு நான்கு பிட்டுகளிலும் (பிட் என்பது 0 அல்லது 1) மூன்றின் அளவுக்குத்தான் உண்மையான செய்தி இருக்கிறது. ஒன்றின் அளவு காவலுக்குச் செலவாகிறது. இது செய்தி, இது காவல் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியாதபடி இரண்டும் கலந்திருக்கும். ஆனால் கணக்கு அதுதான். வழியில் இரைச்சல் புகுந்து சில பிட்டுகளைப் புரட்டிவிட்டாலும், அந்தக் காவலின் துணையால் பெறும் கருவி பிழைகளைக் கண்டு திருத்திக்கொள்கிறது. இதைச் செய்யும் விதிகளின் தொகுப்பையே பிழைதிருத்தக் குறியீடு என்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்தப் பின்னம் ஏன் மாறுகிறது, எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, ஒரே குறியீடு 1/2, 2/3, 3/4, 5/6, 7/8 என்று ஐந்து வேடம் போடுவது எப்படி என்பதைப் பற்றியது. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. ஏனென்றால், செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: சில பிட்டுகளை அனுப்பாமல் விட்டுவிட வேண்டும்.

நம் மொழி ஏற்கெனவே செய்யும் வேலை

'நான் வந்தேன்' என்று தொலைபேசியில் சொல்கிறோம். 'நான்' கேட்காமல் போனாலும் 'வந்தேன்' என்பதில் உள்ள 'ஏன்' விகுதி, வந்தது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். சொல்லின் கடைசி தேய்ந்து 'நான் வந்த...' என்று கேட்டாலும் 'நான்' காப்பாற்றிவிடும். ஒரே செய்தி இரண்டு இடங்களில் பதிந்திருக்கிறது. வீட்டுக்குள் அமைதியாகப் பேசும்போது 'வந்தேன்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறோம். சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு கத்தும்போது 'நான்', 'அவன்' எல்லாவற்றையும் விடாமல் சொல்கிறோம்.

இதற்காகத் தமிழில் அமைதிக்கு ஓர் இலக்கணம், இரைச்சலுக்கு ஓர் இலக்கணம் என்று இரண்டு இல்லை. முழுமையான இலக்கணம் ஒன்று. அதிலிருந்து சூழலுக்கு ஏற்ப எழுவாயை விடுகிறோம், அல்லது வைத்துக்கொள்கிறோம். கேட்பவருக்கும் எழுவாய் விடுபடலாம் என்பது தெரியும். அதனால் அவர் குழம்புவதில்லை. பல வீதக் குறியீடுகளின் அடிப்படை இதுவே. முழுமையான குறியீட்டுக்குத் தாய்க்குறியீடு என்று பெயர். அதிலிருந்து சிலவற்றை விடுவதற்குத் துளையிடுதல் என்று பெயர்.

முக்கால் எதற்கு, அரை எதற்கு?

டிவிபி-எஸ் என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தரத்தையே எடுத்துக்கொள்வோம். 27500 என்றால் நொடிக்கு 2.75 கோடி குறிகள், அதாவது அலையின் தனித்தனித் துடிப்புகள், அனுப்பப்படுகின்றன என்று பொருள். ஒவ்வொரு குறியும் 2 பிட்டுகளைச் சுமக்கிறது. ஆக நொடிக்கு 5.5 கோடி பிட்டுகள். குறிவீதம் 3/4 என்றால் அதில் 4.125 கோடிதான் மிஞ்சும். இதற்கு வெளியே ரீட்-சாலமன் என்ற இன்னொரு காவல் அடுக்கும் இருக்கிறது; அது 188 பைட்டுகளை 204 ஆக்கி அனுப்புகிறது. அதையும் கழித்தால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 3.8 கோடி பிட்டுகள்.

இதே கணக்கை 1/2 வீதத்தில் போட்டால் 2.53 கோடி வருகிறது. 7/8 வீதத்தில் 4.43 கோடி. அதே செயற்கைக்கோள், அதே மின்திறன், அதே அலைவரிசை அகலம். பின்னத்தை மாற்றியதால் மட்டும் நொடிக்கு 1.9 கோடி பிட்டுகள் கூடுகின்றன. எம்பெக்-2 முறையில் படத்தைச் சுருக்கினால் நான்கைந்து சானல்களுக்கு அது போதும்.

அப்படியானால் எப்போதும் 7/8 என்றே அனுப்பலாமே? மழை பெய்யும். 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் பலவீனமாக்குகின்றன. ஒளிபரப்புப் பரப்பின் நடுவில் இருப்பவருக்குச் சிறிய டிஷ் போதும். விளிம்பில் இருப்பவருக்கு அதே டிஷ்ஷில் அலை மெலிந்து வரும். காவல் குறைவாக இருந்தால் இவர்கள்தான் முதலில் படத்தை இழப்பார்கள். காவலைக் கூட்டினால் எல்லோருக்கும் எட்டும், ஆனால் சானல்கள் குறையும். இந்தப் பேரத்துக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. அதனால்தான் தரத்தை எழுதியவர்கள் ஐந்து வீதங்களை வைத்தார்கள்.

ஐந்து வீதத்துக்கு ஐந்து குறியீடுகள் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு செட்-டாப் பாக்ஸிலும், வந்த பிட்டுகளிலிருந்து செய்தியை மீட்கும் டிகோடர்கள் ஐந்தைப் பொருத்த வேண்டியிருக்கும். பிழை திருத்தும் டிகோடர், பெறும் கருவியின் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று. சிப்பில் இடத்தையும் மின்சாரத்தையும் தாராளமாகத் தின்னும். ஒரே டிகோடர் எல்லா வீதத்துக்கும் உழைக்க வேண்டும் என்பதே பொறியாளர்களின் தேவை.

கையால் ஒரு குறியீடு

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படிப்பதைவிடப் போட்டுப் பார்ப்பது நல்லது.

செய்தி பிட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. நம் கருவிக்கு முந்தைய இரண்டு பிட்டுகள் மட்டும் நினைவில் இருக்கும். ஒரு பிட் உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு பிட்டுகள் வெளியே போகும். முதல் கிளையின் விதி: இப்போது வந்த பிட், முந்தையது, அதற்கும் முந்தையது ஆகிய மூன்றில் உள்ள 1-களை எண்ணு, எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0. இரண்டாம் கிளைக்கும் அதே விதிதான். ஆனால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, இப்போது வந்ததையும் அதற்கு இரண்டு இடம் முந்தையதையும் மட்டும் எண்ண வேண்டும்.

செய்தி 1011 என்று கொள்வோம். கருவியின் நினைவைக் காலிசெய்யக் கடைசியில் இரண்டு பூஜ்யங்களைச் சேர்த்து 101100 என்று அனுப்புகிறோம். விதியின்படி போட்டுப் பார்த்தால் வெளிவருவது:

11 10 00 01 01 11

ஆறு பிட்டுகள் உள்ளே போய்ப் பன்னிரண்டு வெளியே வந்திருக்கின்றன, வீதம் 1/2. இதுதான் தாய்க்குறியீடு. இவ்வகைக்குக் கன்வல்யூஷனல் குறியீடு என்று பெயர். ஒவ்வொரு செய்தி பிட்டும் மூன்று ஜோடிகளில் கை வைப்பதைக் கவனியுங்கள். செய்தியில் ஒரே ஒரு பிட் மாறினால் வெளியே ஐந்து பிட்டுகள் மாறும். நான்கு பிட்டுச் செய்திகள் மொத்தம் பதினாறு. அவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும், அவற்றின் குறியாக்கங்கள் குறைந்தது ஐந்து இடங்களில் வேறுபடும். அதனால் இந்தப் பன்னிரண்டு பிட்டுகளில் எந்த இரண்டு புரண்டாலும் உண்மையான செய்தியே மற்றவற்றைவிட நெருக்கமாக நிற்கும். டிகோடர் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இப்போது துளையிடுவோம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது ஜோடிகளில் இரண்டாம் கிளையின் பிட்டை அனுப்பாமல் விடலாம். விட்ட இடத்தைக் கேள்விக்குறியால் காட்டினால்:

11 1? 00 0? 01 1?

உண்மையில் வானில் போவது 11 1 00 0 01 1 என்ற ஒன்பது பிட்டுகள் மட்டுமே. ஆறு உள்ளே, ஒன்பது வெளியே. வீதம் 2/3 ஆகிவிட்டது. அனுப்பும் கருவியில் நாம் சேர்த்தது எதுவும் இல்லை. எந்தெந்த இடத்தில் விட வேண்டும் என்ற ஒரு சிறிய அட்டவணை மட்டும் இரு தரப்பிலும் இருக்க வேண்டும்.

இழப்பு எவ்வளவு? செய்தியில் ஒரு பிட் மாறினால் வெளியே ஐந்து மாறும் என்றோம். துளையிட்ட பிறகு, அந்தப் பிட் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஐந்து மாறும், அல்லது மூன்று மட்டும் மாறும். பதினாறு செய்திகளையும் எழுதி ஒப்பிட்டால் குறைந்தபட்ச வேறுபாடு மூன்று. அதாவது ஒன்பது பிட்டுகளில் எந்த ஒன்று புரண்டாலும் மீட்டுவிடலாம். இரண்டு புரண்டால் உறுதி இல்லை. வேகம் கூடியது, காவல் குறைந்தது. ஆனால் குறியீடு உடையவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். கால்வாசிப் பிட்டுகளைத் தூக்கிப் போட்ட பிறகும் அது பிழையைத் திருத்துகிறது.

ஏட்டில் விழுந்த துளை

ஏன் உடையவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் இரண்டு வகைக் கேடுகள் நேரலாம். ஒன்று, செல்லரித்துத் துளை விழுந்து ஓர் எழுத்து இல்லாமலே போவது. மற்றொன்று, படியெடுத்தவர் கை தவறி வேறோர் எழுத்தை எழுதிவிடுவது. பதிப்பாசிரியருக்கு எது பெரிய தொல்லை? துளை கண்ணுக்குத் தெரியும். அங்கே புள்ளிகள் இட்டுவிட்டு, எதுகையையும் சீரையும் பொருளையும் பார்த்து இன்ன எழுத்து இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கைப்பிழையோ சரியான எழுத்தைப் போலவே உட்கார்ந்திருக்கும். முதலில் அது பிழை என்று சந்தேகம் வர வேண்டும், பிறகுதான் திருத்தம்.

குறியீட்டுக் கணிதமும் இதையே எண்ணிக்கையில் சொல்கிறது. எந்த இரண்டு செய்திகளும் குறைந்தது ஐந்து இடங்களில் வேறுபடும் குறியீட்டால் இரண்டு கைப்பிழைகளைத் திருத்த முடியும். ஆனால் அதே குறியீட்டால் நான்கு துளைகளை நிரப்ப முடியும். இடம் தெரிந்த இழப்பின் சுமை, இடம் தெரியாத பிழையின் சுமையில் பாதிதான்.

அனுப்பும் கருவி வேண்டுமென்றே விடும் பிட்டுகள் எல்லாம் இடம் தெரிந்த துளைகள். பெறும் கருவி ஒன்பது பிட்டுகளை வாங்கியதும், அட்டவணையைப் பார்த்து மூன்று கேள்விக்குறிகளை உரிய இடங்களில் செருகி மீண்டும் பன்னிரண்டாக்குகிறது. பிறகு 1/2 வீதத்துக்கான அதே டிகோடரிடம் கொடுத்துவிடுகிறது.

அந்த டிகோடர் பெரும்பாலும் ஆண்ட்ரூ விட்டர்பி 1967-இல் வெளியிட்ட வழிமுறையில் இயங்கும். அனுப்பப்பட்டிருக்கக்கூடிய எல்லாச் செய்திகளையும் பாதைகளாகக் கற்பனை செய்துகொண்டு, வந்த பிட்டோடு ஒவ்வாத பாதைக்கு அபராதம் போட்டுக்கொண்டே போவது அதன் வேலை. ஒரே நிலையை, அதாவது கருவியின் நினைவில் ஒரே பிட்டுகள் இருக்கும் கட்டத்தை, அடையும் பாதைகளில் அபராதம் குறைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். கேள்விக்குறி வரும் இடத்தில் எந்தப் பாதைக்கும் அபராதம் இல்லை. 'இங்கே எனக்கு ஒன்றும் தெரியாது, யாரையும் தண்டிக்க மாட்டேன்' என்று கடந்து போய்விடும். டிகோடருக்குள் செய்ய வேண்டிய மாற்றம் அவ்வளவுதான்.

இன்றைய கருவிகள் பிட்டை 0 அல்லது 1 என்று அடித்துச் சொல்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஓர் எண் கொடுக்கின்றன. எண் நேர்மதிப்பில் பெரிதாக இருந்தால் 0 என்பதில் உறுதி. எதிர்மதிப்பில் பெரிதாக இருந்தால் 1 என்பதில் உறுதி. சிறிய எண் என்றால் சந்தேகம். இந்த மொழியில் கேள்விக்குறிக்கு ஓர் அழகான இடம் கிடைக்கிறது. தெரியாது என்பதன் மதிப்பு சரியாகப் பூஜ்யம். துளையிட்ட இடத்தில் பூஜ்யத்தை எழுது, மற்றதை டிகோடர் பார்த்துக்கொள்ளும். இந்தப் பூஜ்யத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

துளை எங்கே விழ வேண்டும்?

நம் காகிதக் குறியீட்டின் நினைவு இரண்டு பிட்டுகள். டிவிபி-எஸ் பயன்படுத்தும் தாய்க்குறியீட்டின் நினைவு ஆறு பிட்டுகள். அதனால் டிகோடர் ஒவ்வொரு கணமும் 64 நிலைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும். இந்தக் குறியீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் பூமிக்குத் தரவு அனுப்பப் பயன்படுத்தியதும் ஆறு பிட் நினைவும் 1/2 வீதமும் கொண்ட இக்குறியீடுதான். 1999-இல் வந்த 802.11ஏ வைஃபை தரத்திலும் அதுவே இருக்கிறது. அங்கே 2/3, 3/4 வீதங்கள் துளையிட்டுப் பெறப்படுகின்றன. அத்தரத்தின் உச்ச வேகமான 54 மெகாபிட், 3/4 வீதத்தில் கிடைப்பது. சனி கோளின் படங்களைக் கொண்டுவந்த குறியீடு வீட்டுக் கூடத்து ரவுட்டரிலும் வேலை செய்தது.

துளையிடும் போது இந்தத் தாய்க்குறியீட்டின் வலிமை எப்படி இறங்குகிறது என்பதைத் தரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1/2 வீதத்தில் எந்த இரண்டு செய்திகளும் குறைந்தது 10 இடங்களில் வேறுபடும். 2/3-இல் அது 6. 3/4-இல் 5, 5/6-இல் 4, 7/8-இல் 3. முதல் படியில் சரிவு செங்குத்தாகவும் பிறகு மெதுவாகவும் இருப்பதைப் பாருங்கள். 3/4 வீதம் பல ஒளிபரப்பாளர்களுக்குப் பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் நியாயம் செய்கிறது.

ஆனால் இந்த எண்கள் சும்மா கிடைக்கவில்லை. எந்த இடத்தில் துளை விழுகிறது என்பது மிக முக்கியம். நம் காகிதக் குறியீட்டில் இரண்டாம் கிளையை முழுதாக விட்டுவிட்டால் ஆறு உள்ளே, ஆறு வெளியே என்றாகி, காவலே இல்லாமல் போய்விடும். அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத தவறான அமைப்புகளும் உண்டு; அவற்றில் வழியில் நேர்ந்த இரண்டு மூன்று பிழைகள், டிகோடரின் வெளியீட்டில் முடிவே இல்லாத பிழைத்தொடராக மாறிவிடும். அதனால் துளை அமைப்புகளைக் கணினி கொண்டு தேடித்தான் எடுத்தார்கள். டிவிபி-எஸ் தரத்தின் 3/4 வீதத்தில், மூன்று செய்தி பிட்டுகளிலிருந்து பிறக்கும் ஆறில் நான்கு போகின்றன: முதல் கிளையில் நடுப்பிட் விடுபடுகிறது, இரண்டாம் கிளையில் கடைசிப் பிட் விடுபடுகிறது. 7/8-இல் பதினான்கில் ஆறு விடுபடுகின்றன; இரண்டு கிளைகளிலும் எந்த ஒழுங்குக்கும் உட்படாதது போல அங்கங்கே துளைகள். பார்த்தால் தற்செயல் போலத் தோன்றும் அந்த வரிசை தேடிப் பொறுக்கி எடுக்கப்பட்டது.

துளையிடும் யோசனை கன்வல்யூஷனல் குறியீடுகளில் தெளிவாக வடிவம் பெற்றது 1979-இல், கெயின், கிளார்க், கைஸ்ட் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில். அவர்களை உந்தியது டிகோடரை எளிமையாக்கும் ஆசை. 3/4 வீதத்தில் நேரடியாக ஒரு குறியீட்டைக் கட்டினால், விட்டர்பி டிகோடரின் ஒவ்வொரு நிலைக்கும் எட்டுப் பாதைகள் வந்து சேரும். எட்டையும் ஒப்பிட வேண்டும். 1/2 வீதக் குறியீட்டைத் துளையிட்டு அதே 3/4-ஐப் பெற்றால், ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். சிக்கனம் தேடிப் போன இடத்தில் பல வீதங்கள் என்ற வரம் கூடவே கிடைத்தது.

ஒன்றுக்குள் ஒன்று

செயற்கைக்கோள் ஒளிபரப்பில் ஒரு குறை இருக்கிறது. ஒரே அலை இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிறது. 'என் ஊரில் மழை, காவலைக் கூட்டு' என்று எந்த வீடும் மேலே சொல்ல முடியாது. அதனால் வீதத்தை ஒருமுறை முடிவு செய்து, பயனரிடம் அந்தப் பின்னத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கைபேசி அப்படி இல்லை. அது கைபேசிக் கோபுரத்தோடு பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். பல வீதக் குறியீடு தன் முழுத் திறமையையும் காட்டுவது இங்கேதான்.

அதற்கு வழி திறந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் யோவாகிம் ஹாகனாவர். 1988-இல் அவர் துளை அமைப்புகளின்மீது ஒரு கூடுதல் நிபந்தனை விதித்தார்: உயர்ந்த வீதத்தில் அனுப்பப்படும் பிட்டுகள் எல்லாம், அதற்கடுத்த தாழ்ந்த வீதத்திலும் அப்படியே இடம்பெற வேண்டும். அதாவது காவல் குறைந்த குறியீடு, காவல் மிகுந்த குறியீட்டுக்குள் முழுதாக அடங்கியிருக்க வேண்டும். அடுக்கு டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்காருவது போல.

இதனால் என்ன லாபம்? முதலில் துணிந்து மிக உயர்ந்த வீதத்தில் அனுப்பலாம். பெரும்பாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால், முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. முன்பு விட்ட பிட்டுகளில் சிலவற்றை மட்டும் அனுப்பினால் போதும். பெறுபவர் கேள்விக்குறி இருந்த இடங்களில் அவற்றை நிரப்பிக்கொள்வார். கையில் இருப்பது இப்போது தாழ்ந்த வீதக் குறியீடு. மீண்டும் டிகோடரை ஓட்டுவார். நிபந்தனை இல்லாமல் அமைத்த வீதங்களில் இது நடக்காது. முதலில் அனுப்பியதில் சில பிட்டுகளுக்கு இரண்டாவது குறியீட்டில் இடமே இல்லாமல் போயிருக்கும்.

4ஜி கைபேசிகளின் எல்டிஇ தரத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அங்கே தாய்க்குறியீடு டர்போ வகையைச் சேர்ந்தது. பிரான்சின் குளோட் பெரூவும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் அறிவித்த வகை. அதன் வீதம் 1/3. ஒரு பங்கு செய்தி, இரண்டு பங்கு காவல். இந்த மூன்று பங்குகளையும் கலைத்து ஒரு வட்டத்தில் அடுக்குகிறார்கள்: வட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் செய்தி பிட்டுகள், மீதியில் இரண்டு காவல் வரிசைகளின் பிட்டுகளும் மாறி மாறி. அனுப்புவது என்றால் இந்த வட்டத்தில் ஓரிடத்தில் தொடங்கித் தேவையான அளவு பிட்டுகளை வரிசையாக எடுப்பதுதான். குறைவாக எடுத்தால் உயர்ந்த வீதம். நிறைய எடுத்தால் தாழ்ந்த வீதம். ஒரு சுற்று முடிந்தும் போதவில்லை என்றால் மீண்டும் முதலிலிருந்து எடுத்துக்கொண்டே போகலாம். வீதம் 1/3-க்கும் கீழே இறங்கிவிடும். தனித்தனித் துளை அட்டவணைகள் மறைந்து, ஒரு வட்டமும் ஒரு நீளமும் மட்டும் மிஞ்சின. பொறியியலில் இவ்வளவு எளிமையான தீர்வுகள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைக் கோபுரம் எப்படி அறிகிறது? கைபேசி தனக்கு வரும் அலையின் தரத்தை அளந்து 1 முதல் 15 வரை ஓர் எண்ணாகச் சொல்கிறது. 1 என்று சொன்னால், 1024 பிட்டுகளில் 78 மட்டுமே செய்தியாக இருக்கும் அளவுக்குக் காவல் வேண்டும் என்று பொருள். 15 என்றால் 1024-இல் 948 செய்தியாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு குறியிலும் திணிக்கும் பிட்டுகளின் எண்ணிக்கையும் 2-இலிருந்து 6 ஆகக் கூடியிருக்கும். பஸ்ஸில் போகும்போது ஒரு கட்டடத்தின் மறைவுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் இந்த எண் பலமுறை மாறியிருக்கும். நாம் கையில் பிடித்திருக்கும் படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த எண்ணைக் கைபேசி தேர்ந்தெடுக்கும் விதியில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே தடவையில் குறியாக்கி அனுப்பும் பிட்டுகளின் தொகுதிகளில் பத்தில் ஒன்று தவறினாலும் பரவாயில்லை என்ற அளவுக்குத் துணிச்சலாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது தரம். பத்துக்கு ஒன்று தோல்வி என்பது கேட்பதற்குத் தாராளம் போலத் தோன்றலாம். ஆனால் தோற்ற தொகுதி வீணாவதில்லை. கைபேசி அதன் எண்களைத் தூக்கி எறியாமல் சேமித்து வைத்துக்கொண்டு, 'புரியவில்லை' என்று ஒரே பிட்டில் பதில் அனுப்புகிறது. சுமார் 8 மில்லி விநாடிக்குள் அடுத்த தவணை வந்துவிடும். வட்டத்தில் தொடங்குவதற்கு நான்கு இடங்கள் 0, 1, 2, 3 என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான வரிசை 0, 2, 3, 1. முதல் தவணை செய்தி பிட்டுகளின் பக்கம் தொடங்கியது; இரண்டாவது தவணை வட்டத்தின் எதிர்ப்புறத்துக்குத் தாவுகிறது. இதுவரை அனுப்பாத காவல் பிட்டுகள் அங்கேதான் அதிகம்.

கைபேசி இப்போது என்ன செய்கிறது? இங்கே அந்தப் பூஜ்யம் திரும்ப வருகிறது. வட்டத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. இதுவரை வராத பிட்டுக்குப் பூஜ்யம். புதிதாக வந்த பிட்டின் எண்ணை அதனோடு கூட்டுகிறது. ஏற்கெனவே ஒருமுறை வந்த பிட் மறுபடி வந்தாலும் அதே கூட்டல்தான். இரண்டு சாட்சிகளும் ஒன்றையே சொன்னால் உறுதி வளரும், முரண்பட்டால் எண் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். துளையிட்டது, நிரப்பியது, திரும்பச் சொன்னது ஆகிய மூன்றும் ஒரே கூட்டல் கணக்குக்குள் அடங்கிவிட்டன. பேச்சில் நாமும் இப்படித்தான் கேட்கிறோம். பாதி கேட்ட வாக்கியத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு 'என்ன சொன்னீர்கள்?' என்கிறோம், இரண்டாம் முறை வரும் பாதியை அதோடு பொருத்திக்கொள்கிறோம்.

5ஜி: கழிப்பதற்குப் பதில் கூட்டுதல்

5ஜி-யின் தரவுப் பாதையில் டர்போ போய், எல்டிபிசி என்ற குறியீட்டு வகை வந்தது. அமெரிக்காவின் ராபர்ட் காலகர் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்து, அன்றைய கணினிகளின் போதாமையால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்த வகை அது. இதில் ஒவ்வொரு காவல் பிட்டும், குறிப்பிட்ட சில பிட்டுகளில் உள்ள 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் ஒரு சமன்பாட்டைக் காக்கிறது.

பல வீதங்களுக்காக இதைத் துளையிட்டும் பெறலாம்தான். ஆனால் தாழ்ந்த வீதத்துக்குக் கட்டிய எல்டிபிசியை நிறையத் துளையிட்டால், உயர்ந்த வீதத்தில் அது சோர்ந்துபோகிறது. பல சமன்பாடுகளில் 'தெரியாது' என்ற பூஜ்யங்கள் ஒன்றுக்கு மேல் விழுந்து, அவை டிகோடருக்கு எதையும் சொல்ல முடியாமல் நின்றுவிடுகின்றன. அதனால் 5ஜி-யை வடிவமைத்தவர்கள் எதிர்த்திசையில் கட்டினார்கள். உள்ளே உயர்ந்த வீதத்துக்கான சிறிய, உறுதியான கரு ஒன்று. காவல் இன்னும் வேண்டுமென்றால் ஒவ்வொரு சமன்பாட்டையும் அதற்குரிய புதிய காவல் பிட்டையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம். அனுப்பாத பிட்டுகளின் சமன்பாடுகளை டிகோடர் தொடவே வேண்டியதில்லை. உயர்ந்த வீதத்தில் அதன் வேலையும் குறைகிறது. வட்டத்தில் அடுக்கி நான்கு இடங்களில் தொடங்கும் முறை அப்படியே தொடர்கிறது. எந்தப் பிட் எந்தச் சமன்பாட்டில் சேரும் என்று காட்டும் வரைபடங்கள் இரண்டு: பெரிய தொகுதிகளுக்கு 1/3 வரை இறங்கும் ஒரு வரைபடமும், சிறியவற்றுக்கும் தாழ்ந்த வீதங்களுக்கும் 1/5 வரை இறங்கும் இன்னொரு வரைபடமும் வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் துளை முற்றிலும் விடைபெறவில்லை. பெரிய வரைபடத்தில் செய்தி 22 நெடுவரிசைகளாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 384 பிட்டுகள், ஆக 8448. இவற்றில் முதல் இரண்டு நெடுவரிசைகள், அதாவது 768 செய்தி பிட்டுகள், அந்த வட்டத்துக்குள் நுழைவதே இல்லை. முதல் தவணையிலும் போகாது, நான்காவது தவணையிலும் போகாது. அந்த இரண்டு நெடுவரிசைகளும் மற்ற எவற்றையும்விட அதிகமான சமன்பாடுகளில் பங்கேற்கும்படி அமைக்கப்பட்டவை. அவை நேரில் வராவிட்டாலும் அவற்றைப் பற்றிய செய்தி மற்ற பிட்டுகள் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது. கைபேசி அந்த 768 இடங்களிலும் பூஜ்யத்தை எழுதிவிட்டுத் தொடங்குகிறது. டிகோடர் சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு சுற்றிலும் அண்டை பிட்டுகளின் சாட்சியத்தால் அந்த எண்கள் பூஜ்யத்தை விட்டு மெல்ல நகர்கின்றன. சில சுற்றுகளில், கோபுரம் ஒருபோதும் அனுப்பாத அந்தப் பிட்டுகள் முழு உறுதியோடு கையில் வந்து நிற்கின்றன.